மேலாண்மைக்கும் கணினிக்கும் நடுவில்...

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியான மறுவாரம், பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர் தன் மகளுடன் வீட்டுக்கு வந்தார். இப்போது இரும்புக் கடை நடத்துகிறார். மகள் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் ஆகிய பாடங்களைக் கொண்ட பிரிவில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறார். "மேலாண்மையும் கணினியும் சேர்ந்த படிப்பு என்று ஒன்றைச் சொல்கிறார்கள், சார். இரண்டும் சேர்ந்தது என்றால் இரண்டிலும் அரைகுறையாகிவிடாதா?" என்று கேட்டார் தந்தை.

அவருடைய ஐயம் நியாயமானது. நம் கல்லூரிகளில் 'இரண்டும் சேர்ந்த' படிப்புகள் பலவும் அந்த ஐயத்துக்கு இடம் தருபவைதான். உடனே பதில் சொல்லாமல், கடையில் என்ன வேலை செய்கிறாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மாலை நேரங்களில் கடைக் கணக்கைக் கணினியில் பதிவதாகச் சொன்னவர், ஒரு சிக்கலையும் சொன்னார். மாதக் கடைசியில் கணினி காட்டும் கம்பி இருப்பும், கிடங்கில் எண்ணிப் பார்க்கும் இருப்பும் ஒத்துப்போவதே இல்லையாம். அப்பா கடைப் பையன்களைச் சந்தேகிக்கிறார். மென்பொருள் விற்றவரோ தன் மென்பொருளில் பிழையே இல்லை என்று சாதிக்கிறார்.

"இரண்டு பேர் மீதும் தப்பில்லை, சார். நாங்கள் வாங்குவது எடைக் கணக்கில். விற்பது எண்ணிக்கைக் கணக்கில். 12 மி.மீ. கம்பி ஒன்றுக்கு 10.66 கிலோ என்று கணினியில் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால், ஒவ்வொரு லோடிலும் அந்த எடை கொஞ்சம் கூடும், குறையும்" என்றார்.

அவர் சொன்னது சரி. 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பியின் கணக்கு எடை ஏறத்தாழ 10.66 கிலோ. அந்த அளவுக் கம்பிக்கு 5% வரை எடை கூடவோ குறையவோ இந்தியத் தரநிலையே இடம் தருகிறது. கணினியில் மாறாத எண். கிடங்கில் மாறும் பொருள். இந்த இடைவெளியைக் காண்பதற்குக் கடை வியாபாரமும் தெரிய வேண்டும். கணினி ஒரு பொருளை எப்படி நினைவில் வைக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதைத்தான் வணிகத் தகவலியல் என்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, அதற்கு எந்தத் தகவல் யாரிடமிருந்து யாருக்குச் செல்ல வேண்டும், அந்தத் தகவலைச் சுமக்கும் கணினி அமைப்பை எப்படி வடிவமைப்பது என்பவற்றை ஒருசேரக் கற்பிக்கும் துறை அது.

இது இன்று நேற்று முளைத்த துறை அன்று. வணிகத்துக்காக முதன்முதலில் கணினியைப் பயன்படுத்தியது எந்த மின்னணு நிறுவனமும் அல்ல. லண்டனில் தேநீர்க் கடைகளும் ரொட்டி ஆலைகளும் நடத்திய ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்குப் பணமும் ஆளும் கொடுத்து உதவிய அந்நிறுவனம், அதன் வடிவமைப்பைத் தழுவித் தனக்கென 'லியோ' என்ற கணினியைக் கட்டியது. 1951-இல் ரொட்டி ஆலைகளின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடும் வேலையை லியோ செய்யத் தொடங்கியது.

என்னை வியப்பில் ஆழ்த்துவது இயந்திரம் அன்று. அதற்கு வேலை கொடுத்த விதம். நூற்றுக்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகளுக்கு மறுநாள் எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கேக் அனுப்ப வேண்டும் என்பதை நாள்தோறும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு கடையும் முழுப் பட்டியலையும் தினமும் அனுப்பினால், அதைத் துளை அட்டைகளில் பதிவதற்கே ஆள் போதாது. எனவே, ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஒரு பட்டியல் நிலையாக வைக்கப்பட்டது. கடை மேலாளரான பெண்மணி, மறுநாளுக்கு ஏதேனும் மாற்றம் இருந்தால் அதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். இந்த முறைகளை வகுத்த குழுவின் தலைவர் டேவிட் கேமினர் பொறியாளர் அல்லர்; லயன்ஸில் மேலாண்மைப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். 'மாற்றத்தை மட்டும் சொல்' என்ற எண்ணம், தேநீர்க் கடை எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவருக்கே தோன்றக்கூடியது.

இந்த அறிவைத் தனித்துறையாக்கிக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்கள் ஜெர்மன் மொழி பேசும் நாட்டினர். ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1968-இல் பீட்டர் மெர்ட்டென்ஸ் ஏற்ற பொறுப்பே இத்துறையின் முதல் பேராசிரியர் இருக்கையாகக் கருதப்படுகிறது. அவர் பின்னர் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பொருளியலையும் தகவலியலையும் ஒரே சொல்லாக்கி 'விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக்' என்று அவர்கள் பெயரிட்டனர். உச்சரிக்கக் கடினமான சொல்தான். ஆனால், இரண்டு சொற்களுக்கு நடுவில் 'மற்றும்' இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே காலத்தில், 1972-இல், ஐபிஎம் நிறுவனத்திலிருந்து வெளியேறிய 5 பேர் தொடங்கியதுதான் எஸ்ஏபி. கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, கணக்கு ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இருந்த நிலையை மாற்றி, ஓரிடத்தில் பதிந்த தகவல் எல்லாத் துறைகளுக்கும் உடனே சென்று சேரும் மென்பொருளை அது உருவாக்கியது. சார்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட்-வில்ஹெல்ம் ஷேர், ஒரு நிறுவனத்தின் வேலையைப் படமாக வரையும் முறை ஒன்றை 1990-களின் தொடக்கத்தில் வகுத்தளித்தார். 'ஆணை வந்தது' என்பது ஒரு நிகழ்வு. அது 'இருப்பைச் சரிபார்' என்ற செயலைத் தூண்டுகிறது. அந்தச் செயலின் முடிவில் 'இருப்பு உண்டு', 'இருப்பு இல்லை' என்ற இரண்டு நிகழ்வுகளில் ஒன்று பிறக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் அதைச் செய்பவர் யார், அவர் பார்க்கும் ஆவணம் எது என்பதும் படத்தில் இருக்கும். மேலாளரும் நிரலாளரும் ஒரே தாளைப் பார்த்து வாதிட முடிகிறது என்பதே இதன் பயன். (ஷேர் ஜாஸ் இசையில் சாக்ஸஃபோன் வாசிப்பவரும்கூட. துறைகளுக்கு இடையே வேலி கட்டாத மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலும்.)

நடுவில் நிற்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஜெர்மனியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. லிட்ல் என்ற பெரும் அங்காடித் தொடர், எஸ்ஏபி மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட புதிய அமைப்பை 2011-இல் உருவாக்கத் தொடங்கி, 7 ஆண்டுகளுக்குப் பின் 2018-இல் கைவிட்டது. செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ எனச் செய்திகள் வெளியாயின. சொல்லப்பட்ட காரணங்களுள் முக்கியமானது, வணிகவியல் மாணவர் எவருக்கும் புரியக்கூடியது: லிட்ல் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது, அந்த மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடுவதை இயல்பாகக் கொண்டிருந்தது. நிறுவனம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை; எனவே, மென்பொருளை வளைக்க வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் வளைத்தால் இன்னும் பத்து இடங்களில் வளைக்க வேண்டியிருக்கும். 'இருப்பை எந்த விலையில் மதிப்பிடுகிறோம்' என்ற கேள்வியின் முழுக் கனத்தையும் முதல் ஆண்டிலேயே உணர்ந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அங்கே போனது பணம். பிரிட்டன் அஞ்சல் துறையில் போனது மனிதர்களின் மானமும் வாழ்வும்.

அங்கு ஊர்தோறும் உள்ள சிறு அஞ்சலகங்களைத் துணை அஞ்சலர்கள் ஒப்பந்த அடிப்படையில் நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில். 1999 முதல் அவர்களுடைய கணக்குகள் 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்புக்கு மாற்றப்பட்டன. சிறிது காலத்தில், பல அஞ்சலகங்களில் கையிருப்புக்கும் கணினிக் கணக்குக்கும் வேறுபாடு தோன்றியது. ஒப்பந்தப்படி, குறையும் பணத்தை அஞ்சலரே கட்ட வேண்டும். கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள், வீட்டை விற்றுக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிறைக்குச் சென்றவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்த அமைப்பில் பிழைகள் இருந்ததையும், அவற்றால் அஞ்சலகக் கணக்கில் பொய்யான குறைவு தோன்ற முடியும் என்பதையும் லண்டன் உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதி செய்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கியது. எஞ்சியவர்களுக்காக 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வெளிவந்த பிழைகளில் ஒன்று, பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றிப் பதியும்போது திரை உறைந்து நின்றது. ஊழியர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தமும் புதிய பண மாற்றமாகப் பதிவாகிவிட்டது.

பிழையில்லாத மென்பொருள் உலகில் கிடையாது. ஆகவே, அந்தப் பிழைகளைவிட என்னை வருத்துவது வேறொன்று. இருப்பாய்வு சமன்படாதபோது என்ன செய்ய வேண்டும் என்று நம் பதினோராம் வகுப்பு மாணவருக்கே சொல்லித் தருகிறோம்: வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் வை; காரணத்தைத் தேடு; கண்டபின் திருத்து. முதல் சந்தேகம் ஏட்டின் மீது விழ வேண்டும். ஆளின் மீது அன்று. பல நூற்றாண்டுக் கணக்கியல் பட்டறிவு அந்த ஒரு கணக்குத் தலைப்பில் அடங்கியிருக்கிறது. ஹொரைசன் திரையிலோ, 'இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை' என்று அஞ்சலர் பதிவதற்கு வழியே இல்லை. கணக்கை முடித்தால்தான் மறுநாள் கடையைத் திறக்க முடியும்; முடிப்பதென்றால் குறைவை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் எழுதியவர்களுக்கு அனாமத்துக் கணக்கின் அருமை தெரிந்திருக்காது. அஞ்சல் துறை மேலாளர்களுக்கோ கணினி பொய்யான தொகையைக் காட்டக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை. எழுந்தவர்களும் அதை வெளியில் சொல்லவில்லை. மென்பொருள் நிறுவன ஊழியர்கள் தொலைவிலிருந்தே அஞ்சலகக் கணக்குகளுக்குள் நுழைய முடியும் என்ற உண்மையும் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. கணினி சரியாகவே இயங்கும் என்று கொள்ளும் சட்ட அனுமானம் வேறு நீதிமன்றங்களில் அஞ்சலர்களுக்கு எதிராக நின்றது. சட்டம், மேலாண்மை, கணக்கியல், கணினி என்று நான்கு அறிவுகள் ஒரே கட்டடத்துக்குள் இருந்தும், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை.

இரும்புக் கடைக்காரர் தன் கடைப் பையன்களைச் சந்தேகித்ததைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வழக்குதான்.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணினி எங்கும் தென்படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் அதைக் காணவில்லை என்ற பொருள்பட 1987-இல் ராபர்ட் சோலோ வியந்தார். அந்தப் புதிருக்கு விடை தேடிய பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட், 1990-இல் மின்மோட்டாரின் கதையை எடுத்துக்காட்டினார். நீராவி காலத்துத் தொழிற்சாலையில் ஒரே பெரிய எந்திரம். அதிலிருந்து நீண்ட தண்டுகள், வார்ப்பட்டைகள். மின்சாரம் வந்தபோது முதலாளிகள் நீராவி எந்திரம் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்தார்கள், மற்றவற்றை மாற்றவில்லை. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைப்படி கட்டடத்தையே மாற்றியமைத்த பிறகுதான், 1920-களில், அமெரிக்க உற்பத்தித்திறன் பாய்ந்தது. இடையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழிந்தன.

நம் அலுவலகங்கள் பலவற்றில் கணினி இன்னும் நீராவி எந்திரத்தின் இடத்தில்தான் அமர்ந்திருக்கிறது. இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அதை அச்சிட்டு, கையொப்பமிட்டு நேரில் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தை வேறு எப்படி விளக்குவது?

மேலாண்மையும் கணினியும் ஒரே மனத்துக்குள் அடங்காது என்பவர்கள் ஹெர்பர்ட் சைமனை நினைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற ஆய்வில் தொடங்கி, அதே கேள்வியைக் கணினிக்குள் கொண்டுசென்றவர் அவர். 1975-இல் கணினித் துறையின் டூரிங் விருதை ஆலன் நியூவெலுடன் பகிர்ந்துகொண்டார். 1978-இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றார்.

நம் மாநிலத்துக்கு வருவோம். டிசிஎஸ் நிறுவனம் பாடத்திட்டம் வகுத்தளித்த 'கணினி அறிவியல் - வணிக அமைப்புகள்' என்ற பி.டெக். படிப்பு அண்மை ஆண்டுகளில் பல பொறியியல் கல்லூரிகளில் வந்திருக்கிறது. நிரலாக்கத்துடன் பொருளாதாரம், நிதிக் கணக்கியல், சந்தையியல் போன்ற தாள்களும் அதில் உண்டு. நல்ல முயற்சிதான். ஆனால், பொறியியல் கலந்தாய்வு பொதுவாகக் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கானது. கணக்குப்பதிவியல் படித்த மாணவிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பாலம் என்று பெயர். ஏறுவதற்கான படி ஒரு கரையில் மட்டும்!

மறுகரையில் இருப்பவர்களுக்கு பி.காம். (கணினிப் பயன்பாடு), பி.சி.ஏ. போன்ற படிப்புகள் உள்ளன. இவற்றை இரண்டாந்தரமாகக் கருதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. நன்றாகக் கற்பித்தால் இவையே சிறந்த வணிகத் தகவலியல் படிப்புகளாக முடியும். குறை எங்கே என்றால், வணிகவியல் துறை தன் தாள்களையும், கணினித் துறை தன் தாள்களையும் தனித்தனியே நடத்திவிட்டுப் போகின்றன. தரவுத்தள வகுப்பில் மாணவர் அட்டவணை, மதிப்பெண் அட்டவணை என்று அதே பழைய எடுத்துக்காட்டு; பக்கத்து அறையில் நடக்கும் பேரேட்டுப் பாடம் அங்கே நுழைவதில்லை. இரட்டைப் பதிவு முறையைத் தரவுத்தளத்தில் எப்படி அமைப்பது, ஒரு பதிவை அழிக்க விடலாமா, எதிர்ப்பதிவு மட்டும்தான் அனுமதிக்கலாமா என்ற கேள்வியை எத்தனை வகுப்புகளில் எழுப்புகிறோம்? நான் பணியாற்றிய நாள்களில் இரு துறைகளுக்கும் பொதுவாக ஒரு தாளைக் கொண்டுவர முயன்றேன். அது யாருடைய பணிச்சுமையில் சேரும் என்பதைத் தீர்மானிக்க முடியாமல் அந்தத் திட்டம் கோப்பிலேயே உறங்கிப்போனது.

இன்று நிரல் எழுதும் வேலையில் கணிசமான பகுதியைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டது. கம்பியின் எடையை மாறாத எண்ணாக வை என்று சொன்னால், அது அப்படியே பிசகின்றி எழுதித் தரும். அப்படி வைக்கக் கூடாது என்று சொல்வதற்குக் கடையை அறிந்த ஒருவர் வேண்டும்.

இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் நான் விரித்துச் சொல்லவில்லை. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் 3 கேள்விகள் கேளுங்கள் என்றேன். கணக்குப்பதிவியலும் தரவுத்தளமும் ஒரே பருவத்தில் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றனவா? ஒரு நிறுவனத்தின் வேலையைப் படமாக வரைந்து ஆராயும் பாடம் உண்டா? இறுதியாண்டுத் திட்டப்பணியை மாணவர்கள் உண்மையான ஒரு கடையிலோ ஆலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போய்ச் செய்கிறார்களா, அல்லது விலைக்கு வாங்கி ஒப்படைக்கிறார்களா? மூன்றாவது கேள்வியை நயமாகக் கேட்கும்படியும் சொன்னேன்.

அவற்றைத் தன் கடையின் பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். 2 கல்லூரிகளுக்குப் போய் வந்தார்களாம். ஒன்றில், இப்படியெல்லாம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்களாம். இன்னொன்றில், துறைத் தலைவர் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, கம்பிக் கணக்கைப் பற்றி அரைமணி நேரம் விசாரித்தாராம். ஒவ்வொரு லோடுக்கும் தனி எடை விகிதத்தை எங்கே பதிவது என்று இருவரும் தாளில் வரைந்து பார்த்தார்களாம்.

"அங்கேயே சேர்த்துவிட்டேன், சார்" என்றார்.